நிலம் நிறைந்த புத்தாண்டு

சபுகல் ஊரில் பாதிப் பேருக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவள் கிராசியெட். மீதிப் பேர் ஓட்டுவதைப் பார்த்தால், அவர்களும் அவளிடம் வந்திருக்கலாம் என்று தோன்றும். ஓய்வு பெற்ற வருஷம் டிரைவிங் ஸ்கூல்காரர்கள் புதுக் கார்கள் வாங்கினார்கள். பழைய சிவப்பு ரெனோவை யாரும் சீண்டவில்லை, அவள் எடுத்துக்கொண்டாள். ஓட்டுகிறவருக்கு ஒரு பிரேக், பக்கத்தில் உட்காருகிறவருக்கு ஒரு பிரேக் என்று இரட்டை மிதி வைத்த கார் அது. கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. கேட்டு வந்தவர்கள் இரண்டு பேர், இரண்டு பேருக்கும் கிளட்ச் விடத் தெரியாது என்று காரணம் சொல்வாள்.

வீட்டில் சும்மா உட்கார்ந்து பழக்கமில்லாதவள். ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் பாதிரியார் ஓர் அறிவிப்பு வாசித்தார். ஆப்பிரிக்காவில் சண்டைக்குப் போய்வந்த சிப்பாய்களின் நினைவுகளைப் பதிவு செய்து பத்திரப்படுத்த, பழைய சிப்பாய்கள் சங்கத்துக்குத் தொண்டர்கள் தேவை, சம்பளம் கிடையாது என்றார். அந்தக் கடைசி வார்த்தையைக் கேட்டதும் முன்வரிசையில் இருந்தவர்கள் கூரையைப் பார்த்தார்கள். கிராசியெட் போய்ப் பெயர் கொடுத்தாள்.

சங்கத்தின் செயலாளர் தியோதோசியு. வங்கியில் கணக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். அங்கோலாவுக்குப் போனவர்தான், அங்கேயும் கணக்குத்தான் எழுதினார். அவர் ஒரு கேமராவையும் முக்காலியையும் கொடுத்து, கேட்க வேண்டிய கேள்விகளை அச்சடித்த தாளையும் கொடுத்தார்.

"எல்லாம் வரிசையாக் கேளுங்கம்மா. ஒண்ணும் விட்டுடாதீங்க. லிஸ்பன்ல தலைமை ஆபீஸ்ல இருந்து கேப்பாங்க."

முதல் ஆள் ஒரு தச்சர். கேமரா வருகிறது என்று தெரிந்து, சவரம் செய்து, மகன் கல்யாணத்துக்குப் போட்ட டையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கேமராவில் சிவப்பு விளக்கு எரிந்தது. அவ்வளவுதான், மனிதர் விறைத்துப்போனார். கைகள் தொடையோடு ஒட்டிக்கொண்டன. தன் பட்டாள எண்ணைச் சொன்னார், பெயரைச் சொன்னார். பிறகு கடகடவென்று, "அன்புள்ள அப்பா அம்மாவுக்கும், மனைவிக்கும், சொந்தபந்தம் எல்லாருக்கும் கிறிஸ்துமஸ் வாழ்த்துகள். நான் நலமாக இருக்கிறேன். விடைபெறுகிறேன், திரும்பி வரும்வரை," என்று முடித்துவிட்டார். அப்பா அம்மா போய்ச் சேர்ந்து முப்பது வருஷம் ஆகியிருந்தது. மனைவி அடுத்த அறையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

இரண்டாவது ஆளும் அதையே சொன்னார். மூன்றாவது ஆள் சொல்லத் தொடங்கிவிட்டு, தானே சிரித்து, பிறகு அழுதார்.

கிராசியெட்டுக்கு விஷயம் பிடிபட்டது. இந்த ஆண்கள் வாழ்க்கையில் கேமராவுக்கு முன்னால் நின்றது ஒரே ஒரு தடவை. சண்டைக் காலத்தில் கிறிஸ்துமஸுக்கு முன்னால் தொலைக்காட்சிக்காரர்கள் முகாம் முகாமாகப் போய், சிப்பாய்களை வரிசையில் நிறுத்தி, ஆளுக்கு ஒரு வாழ்த்துச் சொல்ல வைத்துப் படம் பிடித்தார்கள். பண்டிகை நாளில் அதை ஒளிபரப்பினார்கள். பட்டாளத்தில் பழகினது சாகும்வரை போகாது. சிவப்பு விளக்கைப் பார்த்தால் கை தன்னால் தொடைக்குப் போகிறது.

கேமராவைக் கொண்டுபோய்த் தியோதோசியுவின் மேசைமேல் வைத்தாள். சின்ன ஒலிப்பதிவுக் கருவி ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டாள். யோசித்துச் செய்ததென்று சொல்ல முடியாது. தச்சருக்கு முழங்கால் டாக்டரிடம் போக வேண்டியிருந்தது, அவள் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனாள். மலைப்பாதை, இரண்டு பேரும் முன்னால் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மூன்றாவது வளைவில் தச்சர் பேசத் தொடங்கினார். ஆஸ்பத்திரி வாசலில் வண்டி நின்ற பிறகும் இறங்கவில்லை. முகம் பார்க்க வேண்டாம் என்றால் மனிதர்கள் எவ்வளவு பேசுவார்கள் என்பது பக்கத்து சீட்டில் முப்பது வருஷம் உட்கார்ந்தவளுக்குத் தெரியாதா என்ன? அன்றிலிருந்து கருவி டேஷ்போர்டில் உட்கார்ந்துகொண்டது. லைசென்ஸ் இருக்கிறவர்களை அவளே ஓட்டச் சொல்வாள். அவர்கள் ஓட்டுவார்கள், பேசுவார்கள், அவள் கால் பிரேக்கின்மேல் இருக்கும்.

தியோதோசியு தலையில் கை வைத்துக்கொண்டார்.

"என்னம்மா இது? வைப்பர் சத்தம், ஆட்டு மணிச் சத்தம். ஆள் பதுங்கியிருந்து சுட்டதைச் சொல்லிட்டிருக்கார், நடுவுல உங்க குரல், 'ரெண்டாவது கியர், ரெண்டாவது கியர்'னு! லிஸ்பன்ல கேட்டா என்ன நினைப்பாங்க?"

"ரெண்டாவது கியர்ல போட்டிருக்கணும்னு நினைப்பாங்க," என்றாள் கிராசியெட். "மேட்டுல மூணாவதுல ஏத்தினா எஞ்சின் நிக்காதா?"

அவர் முணுமுணுத்துக்கொண்டே பதிவுகளை வாங்கி அடுக்கினார். ஒன்றையும் திருப்பி அனுப்பவில்லை.

இப்படி அந்த வட்டாரத்தில் ஏறக்குறைய எல்லாரையும் பேசவைத்துவிட்டாள், உர்ஸைரா கிராமத்து மிராசு ஒருவரைத் தவிர.

மிராசுவின் உண்மையான பெயர் பெல்மீரு. ஒரு முட்டைக்கோஸ் நடக்கூடச் சொந்த மண் இல்லாதவர். ரோடு போடும் கூலியாளாகவே காலம் முழுக்க உழைத்தவர். மனைவி இறந்துவிட்டாள், ஒரே மகள் சுவிட்சர்லாந்தில் இருந்தாள். அவருக்கு எப்படி அந்தப் பெயர் வந்தது என்று உர்ஸைராவில் தெரியாதவர்கள் யாருமில்லை. அறுபத்தொன்பதாம் வருஷக் கிறிஸ்துமஸ் அன்று ஊரே ஒரே காபிக் கடையில் கூடி, இருந்த ஒரே டி.வி.யைப் பார்த்துக்கொண்டிருந்தது. கினியா முகாமிலிருந்து பெல்மீரு வந்து நின்றார். அப்பா அம்மாவுக்கு வாழ்த்துச் சொன்னார். எல்லாச் சிப்பாயும் சொல்கிற மாதிரி "வளம் நிறைந்த புத்தாண்டு" என்று சொல்ல வேண்டியவர், கணீரென்று, "நிலம் நிறைந்த புத்தாண்டு!" என்றார். கடை இடிந்துவிழுகிற மாதிரிச் சிரிப்பு. அப்போது கிராசியெட் அதே ஊரில் பாவாடை கட்டின சிறுமி. எதற்கு என்று முழுக்கப் புரியாமலேயே அவளும் சிரித்தாள்.

அன்றோடு பெல்மீரு போனார், மிராசு வந்தார். "மிராசு, குத்தகை எப்போ வசூல்?" "மிராசு, அந்த மலையை எம்பேருக்கு எழுதிக் கொடேன்." தபால்காரர் கடிதத்தை நீட்டும்போதும் மிராசு. கல்யாணத்தன்று பாதிரியாரே வாய் தவறி அந்தப் பெயரைச் சொல்லப் பார்த்தார் என்பார்கள். மகள் பள்ளிக்கூடத்தில் மிராசு மகளாக இருந்தாள். அவர் ஒருநாளும் கோபித்துக்கொண்டதில்லை. கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பார். அவ்வளவுதான்.

ஆனால் பதிவு என்றால் கையெடுத்துக் கும்பிட்டுவிடுவார்.

"ஒரு தடவை மைக்குக்கு முன்னால நின்னதுக்கே நாப்பத்தஞ்சு வருஷமா இந்தப் பாடு, டீச்சர். இன்னொரு தடவையா? சாமி, ஆளை விடுங்க."

நியாயம்தான் என்று விட்டிருப்பாள். விடமுடியாமல் செய்தவள் ஓத்தீலியா.

ஓத்தீலியாவின் அண்ணன் ஜெர்வாசியு. பெல்மீருவும் அவனும் ஒரே தெரு, ஒரே வயது. ஒரே நாளில் பட்டாளத்துக்குப் போய் ஒரே படைப்பிரிவில் கினியாவுக்குக் கப்பலேறினார்கள். அந்த வருஷக் கிறிஸ்துமஸுக்கு மூன்று வாரம் முன்னால் ஜெர்வாசியு இறந்துபோனதாகத் தந்தி வந்தது. காபிக் கடையில் ஊர் சிரித்தபோது அந்த வீட்டில் ஜன்னல்கள் சாத்தியிருந்தன. பிறகு ஈயத்தகடு வைத்து மூடிய பெட்டி வந்தது, திறக்கக் கூடாது என்ற உத்தரவோடு.

இப்போது ஓத்தீலியா கணவனை இழந்தவள். பிரான்சில் இருக்கிற மகளோடு போய் இருந்துவிடத் தீர்மானித்து, வீட்டை ஒரு ஹாலந்துத் தம்பதிக்கு விற்றுவிட்டாள். ஜூன் மாதம் புனித யோவான் திருவிழா முடிந்ததும் கிளம்ப வேண்டும். கிராசியெட் பார்க்கப் போனபோது சமையலறை முழுக்க அட்டைப்பெட்டிகள்.

"நான் இனிமே இங்க திரும்பி வரப்போறதில்லடி," என்றாள் ஓத்தீலியா. "எனக்கு ஒண்ணே ஒண்ணு தெரிஞ்சாப் போதும். எங்கண்ணன் கடைசி நாள்ல எப்படி இருந்தான்? தந்தியில ஒரு வரி. பெட்டியைத் திறக்க விடலை. அவன் என்ன பேசினான், எங்களை நெனச்சானா, சிரிச்சானா, ஒரு எழவும் தெரியாது. தெரிஞ்சவன் அந்த மிராசு ஒருத்தன்தான். கேட்டா, 'நல்லா இருந்தான், தங்கச்சி'ங்கறான். எங்க வாசலைக் கண்டா சுத்திக்கிட்டு அந்தப் பக்கமாப் போறான். நீ ஊரையே பேச வெச்சவளாச்சே. அவனைப் பேச வை."

"பேசமாட்டேங்கறாரே. அன்னிக்குப் பட்ட கேலி அவருக்கு இன்னும் ஆறலை."

"கேலியா! அவனைக் கேலி பண்ணாத வருஷம் எனக்கு ஏது? நானே எத்தனை பண்ணியிருக்கேன்," என்றாள் ஓத்தீலியா. சொல்லிவிட்டு ஒரு தட்டைச் செய்தித்தாளில் சுற்றத் தொடங்கினாள்.

படைப்பிரிவில் இருந்த மற்றவர்களைக் கிராசியெட் தேடினாள். வேறு வேறு மாவட்டத்துக்காரர்கள். போனில் கேட்டால், "ஜெர்வாசியுவா? நல்ல பையன்," என்பார்கள். அதோடு சரி. வருஷாவருஷம் அவர்கள் கூடிச் சாப்பிடுகிற விருந்துக்குப் பெல்மீரு ஒரு தடவைகூடப் போனதில்லையாம். கருவாடும் உருளைக்கிழங்கும் சாப்பிட்டுவிட்டுக் கட்டிப்பிடித்து அழுகிற அந்தக் கூட்டத்துக்குப் போகாத ஆள் அபூர்வம்.

மே மாதம் ஒரு வழி கிடைத்தது. பெல்மீருவுக்கு லைசென்ஸ் புதுப்பிக்க வேண்டும், குவார்தாவுக்குப் போய்க் கண் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். பஸ் காலையில் ஒன்றுதான். "வண்டியைத் தர்றேன், நீங்களே ஓட்டுங்க. கை பழகின மாதிரியும் இருக்கும்," என்றாள் கிராசியெட். அவர் சந்தோஷமாக ஒப்புக்கொண்டார். அதே நாளில் ஓத்தீலியாவுக்கும் குவார்தா அலுவலகத்தில் ஏதோ காகிதம் வாங்க வேண்டியிருந்தது. அதை அவரிடம் சொல்லக் கிராசியெட் மறந்துபோனாள். அதாவது, சொல்லவில்லை.

காலையில் காரில் ஏறினதும் பெல்மீரு முதலில் டேஷ்போர்டைப் பார்த்தார்.

"அந்தப் பெட்டி எங்க?"

"உள்ள இருக்கு. அணைச்சு வெச்சிருக்கேன்."

"உள்ளயே இருக்கட்டும்."

உர்ஸைரா சிலுவைக்கல் பக்கம் கறுப்புச் சால்வையோடு ஓத்தீலியா நின்றாள். கை காட்டினாள். பெல்மீருவின் முகம் போன போக்கைப் பார்த்தால், வண்டியைத் திருப்பிவிடுவார் என்றே இருந்தது. கிராசியெட் தன் பக்கத்துப் பிரேக்கை மிதித்தாள். வண்டி நின்றது.

"இது சூழ்ச்சி, டீச்சர்," என்றார் பெல்மீரு தாழ்ந்த குரலில்.

"லிஃப்ட்டு," என்றாள் அவள்.

ஓத்தீலியா பின்சீட்டில் பையோடு உட்கார்ந்து கதவைச் சாத்தினாள். "மிராசு ஓட்டறானா? அப்ப குவார்தா போய்ச் சேர நாளைக்கு ஆயிடும்."

தப்பாகச் சொல்லவில்லை. பெல்மீரு ஓட்டுவதே அப்படித்தான். கற்றுக்கொண்ட காலத்திலேயே இரண்டு தடவை ஃபெயில் ஆனவர். தார் ஒட்டுப் போட்ட இடம் தெரிந்தால் போதும், வண்டியை வளைத்து ஒதுக்கிவிடுவார். நேராகப் போகச் சொல்லி கிராசியெட் தொண்டை வறளக் கத்தியிருக்கிறாள். அது பயிற்சிக் குறை இல்லை, கண்ணிவெடி புதைத்த நாட்டில் தோண்டி மூடின மண்ணை மிதிக்கக் கூடாது என்று கால் கற்றுக்கொண்ட பாடம் என்பது அவளுக்குத் தெரிய வெகுகாலம் ஆயிற்று. தெரிந்த பிறகு ஒட்டுப் போட்ட ரோட்டில் அவரை ஒதுங்கிப் போகவே விட்டாள். பரீட்சை நாளுக்கு மட்டும் ஒட்டுப் போடாத புது ரோட்டைப் பிடித்தாள். பாஸ் ஆனார்.

பாதி வழி வரை ஓத்தீலியாதான் பேசினாள். வீடு விற்றது, ஹாலந்துக்காரர்கள் சமையல் புகைபோக்கியைப் பார்த்துக் கைதட்டினது, பிரான்சில் மகள் வீடு மூன்றாவது மாடி என்பது. பெல்மீரு "ம்" என்பதோடு சரி. ரோட்டோரத்தில் மஞ்சள் பூ பூத்துக் கிடந்தது. இனி பேச்சு நடக்காது என்று கிராசியெட் நம்பிக்கையை விட்டுவிட்டாள். கொஞ்சம் எரிச்சலாகவும் இருந்தது, தன்மேல்தான்.

"உன்கிட்ட இனிமே ஒண்ணும் கேக்கப் போறதில்ல, மிராசு," என்றாள் ஓத்தீலியா திடீரென்று. "பயப்படாம ஓட்டு. ஆனா ஒண்ணு சொல்லிட்டுப் போறேன். நீ எங்க வீட்டுக்கு ஒரு நல்லது செஞ்சிருக்க. உனக்கே தெரியாது."

"நானா?"

"நீ பட்டாளத்துல இருந்து திரும்பினதும் எங்கம்மாவைப் பாக்க வந்தியே, ஞாபகம் இருக்கா? அம்மா ரெண்டு வருஷமாக் கறுப்பைப் போர்த்திட்டு அடுப்படியிலயே உக்காந்திருந்தா. பேச்சே கிடையாது. நீ வாசல்ல வந்து நின்ன. ஊர் சொல்லிச் சிரிச்சது அவ காதுலயும் விழுந்திருந்துச்சு. அம்மா தலையைத் தூக்கிப் பாத்துட்டு, 'அடடே, மிராசு வந்திருக்காரு! நிலம் நெறஞ்ச புத்தாண்டு!'ன்னு சொல்லிட்டு ஒரு சிரிப்புச் சிரிச்சா பாரு. நான் மாடிப்படியில நின்னு கேட்டேன். அண்ணன் போனதுக்கப்புறம் அம்மா வாய்விட்டுச் சிரிச்சது அதுதான். சாகற வரைக்கும், மனசு சரியில்லாதப்பல்லாம் அதைச் சொல்லிப் பாத்துக்குவா. நிலம் நெறஞ்ச புத்தாண்டுன்னு. அதுக்கு உனக்கு நன்றி சொல்லணும்னு…"

வண்டி ரோட்டோரமாக இழுத்துக்கொண்டு போயிற்று. ஒட்டுப் போட்ட இடம் எதுவும் இல்லை. கிராசியெட் பிரேக்கை அழுத்தினாள். பள்ளத்தை ஒட்டி, புல்மேல் நின்றது. பெல்மீரு இரண்டு கையாலும் ஸ்டீரிங்கைப் பிடித்துக்கொண்டு முன்னாலேயே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன ஆச்சு அண்ணே? நெஞ்சு வலிக்குதா?" என்று கேட்டாள் கிராசியெட்.

அவர் தலையாட்டி மறுத்தார். சாவியைத் திருப்பி எஞ்சினை அணைத்தார்.

"டீச்சர், அந்தப் பெட்டியை எடுங்க."

"எடுக்க வேணாம். நான் ஒண்ணும்…"

"எடுத்து ஆன் பண்ணுங்க. அவன் சொன்னது டி.வி.ல வரலை. இதுலயாவது வரட்டும்."

கிராசியெட்டுக்குப் புரியவில்லை. இருந்தாலும் கருவியை எடுத்து டேஷ்போர்டில் வைத்து ஓடவிட்டாள். நாளும் பெயரும் சொல்வது வழக்கம். அவள் அவர் பெயரைச் சொல்லத் தொடங்கினாள்.

"என் பேரு வேணாம்," என்றார். "ஜெர்வாசியு பேரைப் போடுங்க."

ஓத்தீலியா பின்னாலிருந்து முன்சீட்டின் முதுகைப் பிடித்துக்கொண்டாள்.

"நவம்பர்ல வந்தாங்க டி.வி.காரங்க," என்றார் பெல்மீரு. "மாமரத்தடியில மைக்கை நட்டு எங்களை வரிசையா நிக்க வெச்சாங்க. சொல்ல வேண்டியதை லெப்டினன்ட் பலகையில எழுதிப் போட்டார். ஜெர்வாசியுவுக்குப் படிக்கத் தெரியாது. உனக்குத் தெரியுமே. காலையிலேர்ந்து நான்தான் அவனுக்குச் சொல்லிக்குடுத்தேன். எல்லாம் வந்துடுச்சு, அந்த வளம் மட்டும் வரலை. 'வளம்னா என்னடா?'ன்னான். 'எல்லாம் நெறைய இருக்கறது, நல்லா இருக்கறது'ன்னேன். 'அப்ப நிலம்தானே அது'ன்னான். நம்ம ஊர்ல வேற என்ன இருந்துச்சு நெறையணும்னு ஆசைப்பட? நான் சிரிச்சேன். 'வளம்டா, வளம்'னு திருப்பித் திருப்பிச் சொல்ல வெச்சேன்."

"அவனும் பேசினானா?" ஓத்தீலியா முன்னால் குனிந்தாள். "அவனையும் படம் பிடிச்சாங்களா?"

"எனக்கு முன்னால அவன். மைக்குக்குப் போனான். உங்கம்மா பேரைச் சொன்னான், உன் பேரைச் சொன்னான். 'நிலம் நிறைந்த புத்தாண்டு'ன்னான். அவ்வளவுதான், எல்லாரும் சிரிச்சுட்டாங்க. கேமராக்காரன் சிரிச்சான், லெப்டினன்ட் வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிச்சார். மறுபடி சொல்றேன்னான். ஃபிலிம் வீணாகும், நகரு நகருன்னுட்டாங்க. அவன் நகந்து நின்னான். காதெல்லாம் செவந்துபோச்சு. பெத்த தாய்க்குச் சொன்ன வாழ்த்தை ஊரான் சிரிக்கறான். எப்படி இருக்கும் அவனுக்கு? அடுத்தது நான். வளம்ங்கறது என் நாக்கு நுனியில இருந்துச்சு. நான் எழுதப் படிக்கத் தெரிஞ்சவன், பலகையும் எதிர்லயே இருக்கு. நான் நிலம்னேன்."

பெல்மீரு ஸ்டீரிங்கிலிருந்து ஒரு கையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"ஓங்கிச் சொன்னேன். சிரிப்பு நின்னுபோச்சு. இந்த மலைக்காட்டு ஆளுங்க பாஷையே இப்படித்தான்னு நெனச்சுட்டாங்க போல. அன்னிக்கு சாயங்காலம் ஜெர்வாசியு என் பக்கத்துல வந்து உக்காந்தான். 'ஏன்டா, எனக்குப் பாடம் சொல்லிக்குடுத்துட்டு நீயும் தப்பாச் சொன்னியா?'ன்னான். 'ஆமாடா, வாய் குளறிடுச்சு'ன்னேன். அப்ப சிரிக்க ஆரம்பிச்சான் பாரு, கண்ணுல தண்ணி வர்ற வரைக்கும் சிரிச்சான். 'ஊருக்குப் போனா உன்னைக் கிழிச்சுடுவாங்கடா, வாத்தியாரே'ன்னான். அடுத்த வாரம் லாரி கண்ணிவெடியில ஏறிடுச்சு. அவன் முன்னால உக்காந்திருந்தான். சத்தம் எங்களுக்குத்தான் கேட்டுது. அவனுக்குக் கேட்டிருக்காது, தங்கச்சி. சத்தியமாச் சொல்றேன். செத்தவன் படத்தை எப்படிக் காட்டறதுன்னு வெட்டிட்டாங்க. என்னுது மட்டும் வந்துச்சு."

கிராசியெட் வெளியே மஞ்சள் பூக்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பதிவு செய்கிறவள் குறுக்கே பேசக் கூடாது என்பது அச்சடித்த தாளில் இருந்த விதி. அன்றைக்குத்தான் அதைக் கடைப்பிடித்தாள்.

"திரும்பி வந்ததும் இதையெல்லாம் சொல்லணும்னுதான் உங்க வீட்டுக்கு வந்தேன்," என்றார் பெல்மீரு. "வாசப்படியிலயே உங்கம்மா சிரிச்சுட்டாங்க. அதுக்கப்புறம் எப்படிச் சொல்றது? 'நீங்க சிரிக்கறது உங்க மகன் சொன்னதைக் கேட்டு, இதைச் சொன்னதுக்குத்தான் அவனைத் தலைகுனிய வெச்சாங்க'ன்னா? ஒரு டம்ளர் ஒயின் குடுத்தாங்க. குடிச்சுட்டு வந்துட்டேன். உன்னைப் பாத்தாச் சொல்லிடுவேனோன்னுதான் அந்தப் பக்கமாவே போறது."

"நான் உன்னைக் கூப்பிடாத கூப்பாடா!" ஓத்தீலியா முகத்தைச் சால்வையால் மூடிக்கொண்டு அழுதாள். "நாப்பத்தஞ்சு வருஷமா மிராசு மிராசுன்னு… ஒரு வார்த்தை சொல்லியிருந்தா ஊர் வாயை நான் மூடியிருக்க மாட்டேனா?"

"எதுக்கு மூடணும்? அது அவன் பேருதானே. யாராவது கூப்பிடறப்பல்லாம் அவனைத்தான் கூப்பிடறாங்கன்னு திரும்பிப் பாப்பேன். அவனைக் கூப்பிட இந்த ஊர்ல வேற யாரு இருந்தா?"

ஓத்தீலியா வெகுநேரம் அழுதாள். அழுது முடித்து மூக்கைச் சிந்திக்கொண்டாள். அப்புறம் ஏதோ கணக்குப் போடுகிறவள் மாதிரி மெதுவாகக் கேட்டாள்.

"அப்ப அம்மா அன்னிக்குச் சிரிச்சது, அண்ணன் அவளுக்குச் சொன்ன வாழ்த்துக்கா?"

"ஆமா," என்றார் பெல்மீரு. "அவன் சொன்னபடியே ஒரு எழுத்து மாறாம அவங்ககிட்ட போய்ச் சேந்துடுச்சு, தங்கச்சி. யாரு சொன்னதுன்னு மட்டும் அவங்களுக்குத் தெரியாது."